வார்டில் வந்த நிமோனியா: பிப்டாசோவா, மெரோபெனெமா, வேறு ஏதாவதா?

#1 பிஜி_இரண்டாமாண்டு

எல்லா வார்டிலும் வருகிற சூழல் என்பதால் ஒரு மாதிரி நோயாளியை வைத்தே கேட்கிறேன். வயது 64, ஆண், எடை 60 கிலோ, சர்க்கரை உண்டு. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்து, அட்மிட் ஆன 6ஆம் நாள் காய்ச்சல் 38.9, மஞ்சள் சளி, ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 89. எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பகுதியில் புது நிழல். பிபி 118/70. கிரியாட்டினின் 1.1. அறுவைக்கு செஃபசோலின், அதன்பின் "எதற்கும் இருக்கட்டும்" என்று 3 நாள் செஃப்ட்ரியாக்சோன் போயிருக்கிறது. வென்டிலேட்டர் இல்லை.

இந்த மாதிரி நோயாளிக்கு மூன்று விதமான பதில் கிடைக்கும். ஒன்று, பிப்பராசிலின்-டாசோபாக்டம் (பிப்டாசோ) மட்டும். இரண்டு, மெரோபெனெமும் வான்கோமைசினும். மூன்று, லீவோஃப்ளாக்சசினும் கிளிண்டாமைசினும். எதை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது?

#2 வென்டிபக்கம்

மருந்துக்கு முன்னால் ஒரு கேள்வி. இது நிமோனியாதானா? இடுப்பெலும்பு முறிந்து ஆறு நாள் படுக்கையில் இருப்பவருக்கு மூச்சு வாங்கினால் நுரையீரல் தமனி அடைப்பு முதல் ஐந்துக்குள் இருக்க வேண்டும். சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல், கூடுதலாக ஏற்றிய திரவம் இரண்டும் எக்ஸ்ரேயில் இதே நிழலைக் காட்டும். இங்கே காய்ச்சல், சீழ்ச்சளி, ஆக்சிஜன் குறைவு, புது நிழல் நான்கும் சேர்ந்திருப்பதால் நிமோனியா என்றே எடுத்துக்கொள்வோம். அட்மிட் ஆகி 48 மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனையில் வந்த வகை.

அடுத்த கேள்வி, இவர் எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பது. 2016 அமெரிக்க வழிகாட்டி நோயாளிகளை மூன்றாகப் பிரிக்கிறது. ஷாக் (ரத்த அழுத்தம் அபாயமாகச் சரிவது) இல்லை, இந்த நிமோனியாவால் வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, 90 நாளுக்குள் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் போகவில்லை, எம்ஆர்எஸ்ஏ (மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாஃப் ஆரியஸ் கிருமி) ஆபத்தும் இல்லை என்றால் ஒரே மருந்து போதும். பிப்டாசோ 4.5 கிராம் 6 மணிக்கு ஒருமுறை, செஃபெபிம் 2 கிராம் 8 மணிக்கு ஒருமுறை, லீவோஃப்ளாக்சசின் 750 மி.கி. தினம் ஒருமுறை, இமிபெனெம் 500 மி.கி. 6 மணிக்கு ஒருமுறை, மெரோபெனெம் 1 கிராம் 8 மணிக்கு ஒருமுறை. இந்த ஐந்தில் ஒன்று. எம்ஆர்எஸ்ஏ ஆபத்து மட்டும் இருந்தால் அதனுடன் வான்கோமைசின் அல்லது லினசோலிட். ஷாக், வென்டிலேட்டர், அல்லது 90 நாளுக்குள் நரம்பு வழி மருந்து போயிருந்தால் வெவ்வேறு வகையைச் சேர்ந்த சூடோமோனாஸ் கிருமியை அடக்கும் இரண்டு மருந்தும் எம்ஆர்எஸ்ஏ மருந்தும்.

எழுத்துக்கு எழுத்து படித்தால் உங்கள் நோயாளி செஃப்ட்ரியாக்சோன் வாங்கியதால் மூன்றாவது கூட்டத்தில் விழுகிறார், மூன்று மருந்து. ஆனால் நம் ஊரில் அட்மிட் ஆன யாருக்குத்தான் நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் போகவில்லை? அந்த விதியை அப்படியே பிடித்தால் வார்டு முழுக்க மூன்று மருந்து ஓடும். பிபி நன்றாக இருக்கிற இவருக்கு நான் பிப்டாசோ ஒன்றைத் தொடங்கி 48 மணி நேரத்தில் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவோடு திரும்பப் பார்ப்பேன். எம்ஆர்எஸ்ஏ கதை தனி, கீழே யாராவது எழுதுவார்கள்.

#3 அகார்தட்டு

மருந்தைப் பற்றிப் பேசுவதற்குள் சாம்பிள் எடுத்தாகிவிட்டதா? ஷாக் இல்லாத நோயாளிக்கு முதல் டோஸ் ஒரு மணி நேரத்துக்குள் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழப்பது) வழிகாட்டியின் 2021 பதிப்பு, ஷாக் இல்லாமல் செப்சிஸ் சந்தேகம் மட்டும் இருந்தால் 3 மணி நேரம் வரை விசாரிக்க இடம் தருகிறது. இரண்டு கைகளிலிருந்து இரண்டு செட் ரத்தக் கல்ச்சரும் ஒரு நல்ல சளியும் எடுக்க அது தாராளம்.

"நல்ல சளி" என்றால் என்ன? குறைந்த பெருக்கத்தில் ஒரு பார்வைப் புலத்துக்கு 25க்கு மேல் நியூட்ரோஃபில், 10க்குக் குறைவாக வாய்த்தோல் செல். வாய்த்தோல் செல் கொத்துக் கொத்தாக இருந்தால் அது எச்சில். எச்சிலைக் கல்ச்சருக்குப் போட்டால் வாயில் குடியிருக்கும் கிருமி வளரும், அதற்கு நீங்கள் ஒரு வாரம் மருந்து கொடுப்பீர்கள். வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கவைத்து, உப்புநீர் நெபுலைசர் கொடுத்து, ஆழத்திலிருந்து இருமவையுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வரட்டும். நர்சிங் மேசையில் மதியம் வரை கிடக்கும் சளியில் நிமோகாக்கஸ் செத்துப்போகும், கிளெப்சியெல்லா பெருகும். ரிப்போர்ட் பொய் சொல்லும், லேபின் மேல் பழி வரும்.

பிப்டாசோவா மெரோபெனெமா என்பதை உங்கள் வார்டின் ஆன்டிபயோகிராம் (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசிகிறது என்ற கணக்கு) சொல்ல வேண்டும். முழு மருத்துவமனைக் கணக்கு போதாது, அதில் வெளிநோயாளி யூரின் ஈ.கோலை எல்லாம் கலந்திருக்கும். ஒரு நோயாளிக்கு முதல் கிருமி மட்டும் எண்ண வேண்டும், ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரியாவது இருந்தால்தான் விழுக்காடு போட வேண்டும். "12 சூடோமோனாஸில் 9 சென்சிட்டிவ், ஆகவே 75 விழுக்காடு" என்று அச்சடிப்பதை நம்ப வேண்டாம்.

பொதுவாக இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வலையமைப்பின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால் மருத்துவமனை நிமோனியாவில் முன்னணியில் நிற்பவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். அசினெட்டோபாக்டரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மெரோபெனெமுக்கு மசிவதில்லை. அமெரிக்கப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்தால் எங்கே உதைக்கும் என்பது இதிலேயே தெரிகிறதல்லவா? பிரிட்டனின் 2019 வழிகாட்டி, தீவிரமில்லாத, எதிர்ப்பு ஆபத்து குறைந்த நோயாளிக்கு வாய்வழி கோ-அமாக்சிகிளாவே போதும் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டி, எதிர்ப்புக் கிருமி குறைந்த இடத்தில் செஃப்ட்ரியாக்சோன் போதும் என்கிறது. இரண்டும் தப்பில்லை. அவர்கள் வார்டில் வளர்கிற கிருமி வேறு.

#4 மெரோ_முதலில்

அதனால்தான் சொல்கிறேன், நேரே மெரோபெனெம். செஃப்ட்ரியாக்சோன் வாங்கியும் நிமோனியா வந்திருக்கிறது என்றால் ஈஎஸ்பிஎல் (செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதி) உள்ள கிருமியாகத்தான் இருக்கும். 2018இல் வந்த மெரினோ ஆய்வில் 30 நாள் மரணம் பிப்டாசோவில் 12.3 விழுக்காடு, மெரோபெனெமில் 3.7. இதற்கு மேல் என்ன வேண்டும்?

#5 வென்டிபக்கம்

மெரினோ ரத்தத்தில் கிருமி வளர்ந்தவர்களின் ஆய்வு, பெரும்பாலும் யூரின் வழி வந்தவை. நிமோனியா ஆய்வு இல்லை. அதில் பிப்டாசோவை 30 நிமிடத்தில் ஏற்றினார்கள். பின்னால் கிருமிகளைத் திரும்பச் சோதித்தபோது சில பிப்டாசோவுக்கு உண்மையில் மசியாதவை என்று தெரிந்தது, அவற்றை நீக்கினால் இடைவெளி குறைந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன்: கல்ச்சரில் ஈஎஸ்பிஎல் கிளெப்சியெல்லா என்று வந்துவிட்டால், நோயாளி கொஞ்சமும் தேறவில்லை என்றால், மெரோபெனெமுக்கு மாற வேண்டும். நுரையீரலில் கிருமிச் சுமை அதிகம், டாசோபாக்டம் அங்கே திணறும்.

தெரியாமலே முதல் நாளே மெரோபெனெம் போடுவதில்தான் எனக்குச் சண்டை. அசினெட்டோபாக்டருக்கு அது பெரும்பாலும் உதவாது, ஸ்டெனோட்ரோஃபோமோனாஸுக்கு இயல்பிலேயே உதவாது. பத்து நாள் மெரோபெனெமில் கிடந்தவரின் சளியில் அடுத்து எது வளரும் என்று அகார்தட்டு மேடத்தைக் கேளுங்கள்.

#6 அகார்தட்டு

அந்த இரண்டும்தான் வளரும்.

ஆனால் ஷாக்கில் இருப்பவருக்கு, முந்தைய கல்ச்சரில் ஈஎஸ்பிஎல் இருந்தவருக்கு, வார்டில் பிப்டாசோ பாதிக்குப் பாதி தோற்கிற இடத்தில் மெரோபெனெமில் தொடங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். 48 மணி நேரத்தில் இறக்குகிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

#7 மருந்துக்கிடங்கு

எந்த மருந்து என்று அடித்துக்கொள்கிறீர்கள், எவ்வளவு, எப்படி என்பதில்தான் பாதி தோல்வி. கணக்குப் பார்ப்போம்.

140லிருந்து 64 போனால் 76. 76ஐ 60 கிலோவால் பெருக்கி, 72 பெருக்கல் 1.1ஆல் வகுத்தால் கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு சுமார் 58 மி.லி. 1.1 என்பதைப் பார்த்து "நார்மல்" என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. வயதானவரிடம் தசை குறைவு, கிரியாட்டினின் ஏமாற்றும்.

பிப்டாசோ: 40க்கு மேல் இருப்பதால் முழு டோஸ், 4.5 கிராம் 6 மணிக்கு ஒருமுறை. ஒரு வயலில் சுமார் 11 மில்லிமோல் சோடியம், நான்கு டோஸுக்கு 44. இதயம் பலவீனமானவருக்கு இதைத் திரவக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெரோபெனெம்: 50க்கு மேல் முழு டோஸ், 1 கிராம் 8 மணிக்கு ஒருமுறை. 26லிருந்து 50க்குள் என்றால் 12 மணிக்கு ஒருமுறை.

செஃபெபிம்: இங்கேதான் சறுக்குகிறார்கள். 30லிருந்து 60க்குள் 2 கிராம் 12 மணிக்கு ஒருமுறை, 11லிருந்து 29க்குள் 24 மணிக்கு ஒருமுறை. குறைக்காமல் ஓட்டினால் மூன்றாம் நான்காம் நாளில் குழப்பம், தசைத் துடிப்பு, பேச்சு நின்றுபோவது. அதை ஐசியு டெலிரியம் என்று நினைத்து ஹாலோபெரிடால் போடுவார்கள். ஈஈஜி எடுத்தால் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும். 2023இல் வந்த ஏகார்ன் ஆய்வில் செஃபெபிமையும் பிப்டாசோவையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். சிறுநீரகப் பாதிப்பில் வித்தியாசம் இல்லை, மூளைப் பாதிப்பு செஃபெபிமில் கூடுதல்.

இதற்கு எதிர்ப்பிழையும் உண்டு. அட்மிட் ஆன அன்று செப்சிஸால் கிரியாட்டினின் ஏறியிருந்தால், முதல் 24–48 மணி நேரத்துக்கு பீட்டா-லாக்டம் (பிப்டாசோ, செஃபெபிம், மெரோபெனெம் வகை) டோஸைக் குறைக்க வேண்டாம். திரவம் ஏற்றியதும் பலருக்குச் சிறுநீரகம் திரும்பிவிடும், அதற்குள் குறைந்த டோஸில் கிருமி தப்பித்துவிடும். முதல் டோஸ் எப்போதும் முழு டோஸ்.

வால்ப்ரோயேட் மாத்திரையில் இருப்பவருக்கு மெரோபெனெம், இமிபெனெம் எதுவும் வேண்டாம். ஒரு நாளுக்குள் வால்ப்ரோயேட் அளவு சரிந்து வலிப்பு வரும். வால்ப்ரோயேட் டோஸை ஏற்றினாலும் ஏறாது. வேறு வழியே இல்லை என்றால் லெவெடிராசெட்டம் சேர்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

#8 ஐவி_லைன்

டோஸ் சரி, அது உள்ளே போகிறதா? 4.5 கிராமை 100 மி.லி. சலைனில் கலந்து 4 மணி நேரம் ஓடவிடச் சொல்கிறீர்கள். பாட்டில் காலியானதும் செட்டைக் கழற்றி எறிவோம். சாதாரண ஐவி செட்டின் குழாய்க்குள் மட்டும் 15–20 மி.லி. நிற்கும். அதாவது ஒவ்வொரு டோஸிலும் ஐந்தில் ஒரு பங்கு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. 50 மி.லி.யில் கலந்தால் இழப்பு இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது: மருந்து முடிந்ததும் அதே செட்டில் 25–30 மி.லி. சலைன், அதே வேகத்தில் (100 மி.லி. 4 மணி நேரம் என்றால் மணிக்கு 25 மி.லி.). வேகமாகத் திறந்துவிட்டால் மிச்ச மருந்து போலஸாக (மொத்தமாக ஒரே தள்ளில்) போய்விடும், நான்கு மணி நேரம் ஓட்டியதன் பயன் போச்சு. சிரிஞ்ச் பம்ப் இருந்தால் குழாய் மெல்லியது, பிரச்சினை குறைவு.

முதல் டோஸ் மட்டும் 30 நிமிடத்தில். அதையும் 4 மணி நேரம் ஓட்டினால் ரத்தத்தில் அளவு ஏறவே நேரமாகும். இரண்டாவது டோஸிலிருந்து நீளமாக ஓட்டலாம்.

பிப்டாசோ ஓடும் லைனில் வான்கோமைசினை இணைக்காதீர்கள், வெள்ளையாகத் திரியும். அமிகாசினை ஒரே பாட்டிலில் கலந்தால் பிப்பராசிலின் அதைச் செயலிழக்கவைக்கும். நீள ஓட்டம் என்றால் தினம் 16 மணி நேரம் ஒரு லைன் அதற்கே போய்விடும், ஆகவே இன்னொரு லைன் போட்டுவிட்டு ஆர்டர் எழுதுங்கள் டாக்டர்களே.

#9 மருந்துக்கிடங்கு

சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. மெரோபெனெமையும் 3 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒரே பையாகக் கலக்கக் கூடாது, கரைசலில் அது நிலைக்காது. ஏசி இல்லாத வார்டில் சித்திரை மாதம் என்றால் இன்னும் சீக்கிரம் சிதையும். குளுக்கோஸில் வேண்டாம், சலைனில் மட்டும்.

நீள ஓட்டத்துக்கு ஆதாரம் கேட்பவர்களுக்கு: 2024இல் வந்த பிளிங்-3 ஆய்வில் பிப்டாசோ அல்லது மெரோபெனெமைத் தொடர்ந்து ஓட்டியவர்களில் 90 நாள் மரணம் 24.9 விழுக்காடு, விட்டுவிட்டுக் கொடுத்தவர்களில் 26.8. அந்த ஆய்வில் மட்டும் பார்த்தால் வித்தியாசம் புள்ளியியல் கோட்டைத் தொடவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்த தொகுப்பில் தொட்டது. பம்ப் இருந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் அதற்காகப் புலம்ப வேண்டாம்.

#10 பிஜி_இரண்டாமாண்டு

எம்ஆர்எஸ்ஏ மருந்து இவருக்குச் சேர்க்க வேண்டுமா? வான்கோமைசின், லினசோலிட், டெய்கோபிளானின் மூன்றில் எது? டாப்டோமைசின் பற்றியும் யாரும் பேசவில்லை.

#11 சிறுநீரகப்_பிரிவு

டாப்டோமைசின் நிமோனியாவுக்கு இல்லவே இல்லை. நுரையீரல் பைகளில் உள்ள சர்ஃபாக்டன்ட் அதைக் கட்டிப்போட்டுச் செயலிழக்கவைக்கிறது. ரிப்போர்ட்டில் "சென்சிட்டிவ்" என்று எத்தனை முறை வந்தாலும் சரி.

சேர்க்க வேண்டுமா? 2016 வழிகாட்டியின் கோடு, வார்டின் ஸ்டாஃப் ஆரியஸில் 20 விழுக்காட்டுக்கு மேல் எம்ஆர்எஸ்ஏ இருந்தால் சேர் என்பது. ஐசிஎம்ஆர் கணக்கில் அது 40ஐத் தாண்டுகிறது. ஆனால் அது ஸ்டாஃப் ஆரியஸுக்குள் எம்ஆர்எஸ்ஏவின் பங்கு. நிமோனியாவுக்குள் ஸ்டாஃப் ஆரியஸே நம் ஊரில் சிறுபான்மை. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மை ஆபத்து தெரியும். ஷாக் இல்லாத இவருக்கு, சளியின் கிராம் ஸ்டெயினில் (சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது) கொத்துக் கொத்தான கிராம்-பாசிட்டிவ் காக்கை (ஸ்டாஃப் போன்ற உருண்டைக் கிருமிகள்) இல்லை என்றால் நான் சேர்க்கமாட்டேன். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் மூக்கு ஸ்வாப் ஒன்று எடுங்கள். அதில் எம்ஆர்எஸ்ஏ இல்லை என்றால் நுரையீரலிலும் இல்லாதிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு, மருந்தை நிறுத்திவிடலாம். ஸ்வாப் பாசிட்டிவ் என்பதை வைத்து மட்டும் நிமோனியா எம்ஆர்எஸ்ஏதான் என்று முடிவு கட்டாதீர்கள், மூக்கில் சும்மா குடியிருக்கலாம்.

வான்கோமைசின்: 60 கிலோவுக்கு 25 மி.கி. வீதம் 1.5 கிராம் லோடிங் (தொடக்கத்தில் கொடுக்கும் பெரிய டோஸ்), மணிக்கு 1 கிராமுக்கு மேல் வேகம் வேண்டாம். வேகமாக ஏற்றினால் முகம் கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும், அதை அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்து ஆயுள் முழுக்க மருந்தை மறுப்பார்கள். பிறகு 15 மி.கி./கிலோ 12 மணிக்கு ஒருமுறை, அளவு பார்த்துத் திருத்தம். 15–20 டிரஃப் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் உள்ள அளவு) என்ற பழைய இலக்கை 2020 திருத்தத்தில் கைவிட்டு, 24 மணி நேர வளைகோட்டுப் பரப்பு (ஒரு நாளில் உடலுக்குக் கிடைக்கும் மொத்த மருந்தின் கணக்கு) 400–600 என்று மாற்றிவிட்டார்கள். டிரஃப் 20ஐத் துரத்தித்தான் நிறைய சிறுநீரகம் கெட்டது.

பிப்டாசோவோடு வான்கோமைசின் சேர்ந்தால் கிரியாட்டினின் ஏறுவது தெரிந்த சங்கதி. அதில் ஒரு பங்கு உண்மையான சேதம், இன்னொரு பங்கு சிறுநீரகக் குழாயில் கிரியாட்டினின் வெளியேறுவது தடைபடுவதால் வரும் தோற்றம். எது எவ்வளவு என்ற சண்டை முடியவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் இந்த ஜோடியைக் காரணமில்லாமல் ஓட்டாதீர்கள்.

லினசோலிட்: 600 மி.கி. 12 மணிக்கு ஒருமுறை, சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டாம், வாய்வழியும் அதே அளவு. 2012இல் வந்த செஃபிர் ஆய்வில் எம்ஆர்எஸ்ஏ நிமோனியாவில் குணமானவர்கள் லினசோலிட்டில் 57.6 விழுக்காடு, வான்கோமைசினில் 46.6. மரணத்தில் வித்தியாசம் இல்லை. சிறுநீரகம் கெட்டவருக்கு எனக்கு இதுதான் முதல் தேர்வு. தட்டணுவை வாரம் இருமுறை பாருங்கள். எஸ்கிடாலோபிராம், டிரமடால் ஓடிக்கொண்டிருந்தால் செரட்டோனின் தொல்லை வரும். எலும்பு முறிவு வார்டில் டிரமடால் இல்லாத கேஸ் ஷீட் உண்டா?

டெய்கோபிளானின்: முதல் நாளிலிருந்தே 400 மி.கி. தினம் ஒருமுறை என்று எழுதினால் அளவு எட்டவே பல நாள் ஆகும். 12 மணிக்கு ஒருமுறை குறைந்தது 3 லோடிங் டோஸ் போன பிறகுதான் தினம் ஒருமுறை.

#12 மூச்சுக்குழல்

மூன்றாவது பதிலை யாரும் தொடவில்லை. லீவோஃப்ளாக்சசினும் கிளிண்டாமைசினும். இரண்டுமே வேண்டாம் என்பேன்.

லீவோஃப்ளாக்சசின் அமெரிக்கப் பட்டியலில் இருக்கிறது. நம் ஊர் கிராம்-நெகட்டிவ்களில் அதற்கு எதிர்ப்பு மிக அதிகம், தனியாக நம்ப முடியாது. அதைவிடப் பெரிய காரணம் டிபி. ஃப்ளோரோகுயினோலோன் டிபி கிருமியை அரைகுறையாக அடக்கும். காய்ச்சல் இறங்கும், எக்ஸ்ரே கொஞ்சம் தெளியும், சளி நெகட்டிவ் ஆகும், இரண்டு மாதம் கழித்து நோயாளி இன்னும் மெலிந்து திரும்பி வருவார். போதாக்குறைக்கு, மருந்தெதிர்ப்பு டிபிக்கு வைத்திருக்கும் முக்கிய மருந்தும் அதனால் வீணாகும். லினசோலிட்டுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிக்குத் தொடங்கும் முன் சளியில் ஒரு சிபிநாட் (டிபிக்கான மரபணுச் சோதனை) அனுப்பிவிடுங்கள்.

கிளிண்டாமைசின் அல்லது மெட்ரோநிடசோல் "புரையேறியிருக்கலாம், காற்றில்லாக் கிருமிக்கு" என்று சேர்ப்பது பழக்கம். பிப்டாசோவும் மெரோபெனெமும் அந்தக் கிருமிகளை ஏற்கெனவே பார்த்துக்கொள்கின்றன. சீழ்க்கட்டியோ எம்பைமாவோ (நுரையீரலைச் சுற்றிச் சீழ் தேங்குவது) இல்லாவிட்டால் தனி மருந்து தேவையில்லை. கிடைப்பது வயிற்றுப்போக்கு மட்டும்.

செஃபோபெரசோன்-சல்பாக்டம் நம் வார்டுகளில் தண்ணீர் மாதிரி ஓடுகிறது, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 பட்டியலில் அது இல்லை, அமெரிக்காவில் அந்தக் கலவை விற்பனையிலேயே கிடையாது. பிப்டாசோவுக்கு மாற்றாக ஓரளவு நிற்கும். ஆனால் வைட்டமின் கே சார்ந்த உறைதலைக் குலைக்கும். சாப்பிடாமல் கிடக்கும் முதியவருக்கு, அதுவும் அறுவைக்குப் பின் ஹெப்பாரின் ஊசியில் இருப்பவருக்கு, பிடி-ஐஎன்ஆர் (ரத்த உறைதல் சோதனை) பார்க்காமல் ஒரு வாரம் ஓட்டாதீர்கள்.

#13 மெரோ_முதலில்

சரி, மெரோபெனெமைக் கையில் எடுக்காமல் ஈஎஸ்பிஎல்லைச் சமாளிக்கப் புதிதாக ஏதாவது இருக்கிறதா?

#14 மருந்துக்கிடங்கு

செஃபெபிம்-என்மெட்டாசோபாக்டம். என்மெட்டாசோபாக்டம் சென்னையைச் சேர்ந்த ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்தது. 2024இல் அமெரிக்கா சிறுநீர்த்தொற்றுக்கு அனுமதித்தது, ஐரோப்பா மருத்துவமனை நிமோனியாவுக்கும் சேர்த்து அனுமதித்தது. நிமோனியாவுக்கு 2.5 கிராம் 8 மணிக்கு ஒருமுறை, 4 மணி நேர ஓட்டமாக. ஈஎஸ்பிஎல்லுக்கு நல்லது. என்டிஎம் (மெரோபெனெமையே உடைக்கும் நொதி) உள்ள கிருமிக்கு எதுவும் செய்யாது. செஃபெபிமின் மூளைத் தொல்லை இதிலும் அப்படியே உண்டு, டோஸ் குறைப்பதை மறக்க வேண்டாம்.

#15 பிஜி_இரண்டாமாண்டு

கல்ச்சர் வந்ததும் எப்படி மாற்றுவது? குறிப்பாக "மெரோபெனெம் ரெசிஸ்டன்ட்" என்று வந்தால். நேரே கொலிஸ்டின் 30 லட்சம் யூனிட் 8 மணிக்கு ஒருமுறை, கூடவே மெரோபெனெமையும் தொடர்வது என்று எழுதலாமா?

#16 அகார்தட்டு

எழுத வேண்டாம். கொலிஸ்டினோடு மெரோபெனெமைத் தொடர்வதால் பயனில்லை என்று 2018இல் வந்த எய்டா ஆய்வு காட்டியது, 406 பேர், பெரும்பாலும் அசினெட்டோபாக்டர். கிருமியைப் பார்த்து மருந்து.

கிளெப்சியெல்லா என்றால் மெரோபெனெமை உடைக்கும் நொதியைத் தரும் ஜீன் எது என்று கேளுங்கள். இந்தியாவில் பெரும்பாலும் என்டிஎம், ஆக்சா-48, அல்லது இரண்டும். அமெரிக்கக் கட்டுரைகளில் நிறைந்திருக்கும் கேபிசி இங்கே அபூர்வம். ஆக்சா-48 மட்டும் என்றால் செஃப்டசிடிம்-அவிபாக்டம் 2.5 கிராம் 8 மணிக்கு ஒருமுறை போதும். என்டிஎம் இருந்தால் அது தனியாகத் தோற்கும், அஸ்ட்ரியோனம் 2 கிராம் சேர்க்க வேண்டும். காரணம் அழகானது. என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனமை உடைக்க முடியாது. ஆனால் அதே கிருமியிடம் உள்ள ஈஎஸ்பிஎல் உடைத்துவிடும். அவிபாக்டம் அந்த ஈஎஸ்பிஎல்லைக் கட்டிப்போடுகிறது, அஸ்ட்ரியோனம் தப்பித்து வேலையைச் செய்கிறது. ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஓட்டினால் காசுதான் கரியாகும். இரண்டையும் ஒரே சமயத்தில் 3 மணி நேரம் ஓட்டுங்கள், கல்லீரல் நொதியைப் பாருங்கள்.

அசினெட்டோபாக்டர் என்றால் அவிபாக்டம் உதவாது. சல்பாக்டம்-டர்லோபாக்டம் கிடைத்தால் அதுதான் மேல். 2023இல் வந்த அட்டாக் ஆய்வில் 28 நாள் மரணம் அதில் 19 விழுக்காடு, கொலிஸ்டினில் 32. கிடைக்காத இடத்தில் சல்பாக்டமையே நாளுக்கு 9 கிராம் வரை, கூடவே பாலிமிக்சின் பி அல்லது மினோசைக்கிளின். டைஜிசைக்கிளினைத் தனியாக நம்பாதீர்கள், ரத்தத்தில் அளவு மிகக் குறைவு. வென்டிலேட்டர் நிமோனியாவில் அதன் மரணக் கணக்கு மோசம், அமெரிக்கா கட்டம் கட்டி எச்சரித்த மருந்து.

சூடோமோனாஸ், செஃப்டசிடிமுக்கு மசிந்தால் செஃப்டசிடிமே போதும். எதிர்ப்பு உள்ளது என்றால் செஃப்டலோசேன்-டாசோபாக்டம், ஆனால் நிமோனியாவுக்கு 3 கிராம் 8 மணிக்கு ஒருமுறை. 1.5 கிராம் என்பது யூரின் டோஸ், நிமோனியாவிலும் அதையே எழுதிவிடுகிறார்கள். என்டிஎம் சூடோமோனாஸுக்கு இதுவும் இல்லை.

சளியில் கேண்டிடா, என்ட்ரோகாக்கஸ் வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நாங்கள் ரிப்போர்ட் எழுதினாலும் அது நிமோனியாவின் காரணம் இல்லை.

#17 மருந்துக்கிடங்கு

கொலிஸ்டின் டோஸுக்கு ஒரு திருத்தம். லோடிங் இல்லாமல் 30 லட்சத்தில் தொடங்கினால் அளவு எட்ட இரண்டு மூன்று நாள் ஆகும். 90 லட்சம் யூனிட் லோடிங், 12 மணி நேரம் கழித்து 45 லட்சம் 12 மணிக்கு ஒருமுறை, பிறகு சிறுநீரகத்துக்கு ஏற்பக் குறைப்பு. லோடிங்கைச் சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டாம்.

அலகுக் குழப்பம் ஆளைக் கொல்லும். 10 லட்சம் யூனிட் என்பது கொலிஸ்டிமெத்தேட் உப்பாக 80 மி.கி., கொலிஸ்டின் அடிப்படையாக சுமார் 33 மி.கி. அமெரிக்கப் புத்தகம் பின்னதில் எழுதும், நம் வயல் யூனிட்டில் இருக்கும். ஆர்டரில் மி.கி. எழுதாதீர்கள், யூனிட் மட்டும்.

பாலிமிக்சின் பி என்றால் கிலோவுக்கு 20,000–25,000 யூனிட் லோடிங், பிறகு 12,500–15,000 யூனிட் 12 மணிக்கு ஒருமுறை. சிறுநீரகம் கெட்டாலும் டோஸ் மாற்றம் இல்லை. இதற்கு லோடிங் கொடுத்ததும் எளிதில் அளவு எட்டும், யூரின் தொற்றைத் தவிர மற்ற இடத்தில் கொலிஸ்டினைவிட வசதி.

#18 அகார்தட்டு

கூடவே ஒன்று. கொலிஸ்டினுக்கு மருந்து தோய்த்த வட்டு வைத்துப் பார்த்த முடிவை ஏற்காதீர்கள், அந்த மூலக்கூறு அகாரில் பரவாது. திரவ நீர்த்தல் முறைதான். 2020 முதல் அமெரிக்க ஆய்வகத் தரநிலையில் "சென்சிட்டிவ்" என்ற வகையே அதற்குக் கிடையாது, கிருமியை அடக்கத் தேவைப்படும் குறைந்த அளவு (எம்ஐசி) 2 வரை "இன்டர்மீடியட்", 4லிருந்து "ரெசிஸ்டன்ட்". எந்த லேபாவது "கொலிஸ்டின் எஸ்" என்று கொடுத்தால் எந்த முறை என்று ஃபோனில் கேளுங்கள்.

#19 பிஜி_இரண்டாமாண்டு

நாள் கணக்கு? 14 நாள் என்று எழுதும் பழக்கம் இருக்கிறதே.

#20 வென்டிபக்கம்

7 நாள். 2003இலேயே 8 நாளும் 15 நாளும் ஒன்றுதான் என்று பிரெஞ்சு ஐசியுக்களில் 401 வென்டிலேட்டர் நிமோனியா நோயாளிகளில் காட்டிவிட்டார்கள். சூடோமோனாஸ் வகையில் மட்டும் 8 நாளில் திரும்ப வருவது கூடுதலாக இருந்தது, மரணம் கூடவில்லை. 2024இல் நேபாளம், சிங்கப்பூர், தாய்லாந்தில் நடந்த ரிகார்ட்-வேப் ஆய்வும் அதையே சொன்னது: காய்ச்சல் 48 மணி நேரம் இல்லை, பிபி நிலையாக இருக்கிறது என்றால் 7 நாளுக்குள் நிறுத்தலாம். எம்பைமா, சீழ்க்கட்டி, ரத்தத்தில் ஸ்டாஃப் ஆரியஸ் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

எக்ஸ்ரே தெளிவதற்காகக் காத்திருக்காதீர்கள், வயதானவருக்கு ஆறு வாரமும் ஆகும். புரோகால்சிடோனின் என்ற ரத்தச் சோதனை மருந்தை நிறுத்த உதவும். தொடங்கலாமா வேண்டாமா என்று அதைக் கேட்காதீர்கள்.

மூன்றாம் நாளும் தேறவில்லை என்றால் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் ஓர் அல்ட்ராசவுண்ட் வைத்து நெஞ்சுக்கூட்டில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி "மெரோபெனெம் ஃபெயிலியர்" அங்கே குழாய் போடாத எம்பைமாதான்.

#21 பிஜி_இரண்டாமாண்டு

இவருக்கு ஆர்டர் இப்படி எழுதலாமா? இரண்டு செட் ரத்தக் கல்ச்சர், சளி கிராம் ஸ்டெயின், கல்ச்சர், சிபிநாட். பிப்டாசோ 4.5 கிராம் உடனே 30 நிமிடத்தில், பிறகு 6 மணிக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 4 மணி நேரம். எம்ஆர்எஸ்ஏ மருந்து இப்போது இல்லை. 48 மணி நேரத்தில் மறுபார்வை, நாள் 7 நிறுத்தம் என்று இப்போதே குறித்துவிடுகிறேன்.

#22 வென்டிபக்கம்

எழுதலாம். பிபி 90க்குக் கீழே போனாலோ, ஆக்சிஜன் தேவை திடீரென ஏறினாலோ 48 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், மெரோபெனெம், அமிகாசின் ஒரு டோஸ், வான்கோமைசின் என்று அப்போதே ஏற்றிவிட்டு ஐசியுவைக் கூப்பிடுங்கள். நுரையீரல் தமனி அடைப்புக்கு இன்னும் யாரும் ஸ்கேன் எழுதவில்லை, அதையும் பாருங்கள்.

#23 ஐவி_லைன்

"செட்டை 25 மி.லி. சலைனால் அதே வேகத்தில் கழுவவும்" என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள் டாக்டர். இரவு ட்யூட்டிக்கு வருபவர் இந்த இழையைப் படித்திருக்கமாட்டார்.